நேற்றைய சூறாவளிதானா இது?



சென்ற மாத நிகழ்ச்சியில் சூறாவளி வரைபடங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தபோது, ஹூஸ்ரனிலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, ஹார்வி வரேக்கை நாங்கள் இங்கதான் இருந்தனாங்கள். கடலுக்கை அது செத்துப்போச்சு எண்டு ரீவியிலை சொன்னவை. நாலு நாளாலை அதே பேரோடை திரும்ப வந்தது. பிறகு வீட்டுக்குள்ளை தண்ணி. செத்தது எப்பிடித் திரும்பி வரும்? அது வேறை புயலோ?" என்று கேட்டார். அத்தோடு நேரம் முடிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கான பதிலை இம்மாத மலரில் எழுதும்படி நிலையத்தார் கேட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வானிலை அறிஞன் அல்ல. கணினி நிரல் எழுதுவது என் தொழில். விஞ்ஞானத் தரவுகளைப் படமாக்கும் நிரல்களோடு சில காலமாகப் பழக்கம். அந்த அம்மாவின் கேள்வி எங்கள் துறையின் நடு மையத்தில் இருக்கும் கேள்வி. நேற்றுப் பார்த்ததும் இன்று பார்ப்பதும் ஒன்றுதானா? இதை யார், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள்?

தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் சுழல்கின்ற வட்டம் கணினிக்குள் இல்லை. அங்கே இருப்பவை வெறும் எண்கள். கடலையும் நிலத்தையும் வானத்தையும் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்கும் காற்றின் வேகம், அமுக்கம், ஈரப்பதன், வெப்பம் என்று எண்களை எழுதி வைத்திருப்பார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை முழுவதையும் புதிதாக எழுதுவார்கள். கோடிக்கணக்கான எண்கள். "இது சூறாவளி" என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருக்காது. அந்த எண்களுக்குள்ளிருந்து ஓர் உருவைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு அடுத்த படத்தில் அதே உரு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலாவது வேலை பிரித்தெடுத்தல், இரண்டாவது பின்தொடர்தல்.

இந்தப் பின்தொடர்தலுக்கு ஓர் ஒழுங்கான முறையை வகுத்தவர்களில் முக்கியமானவர்கள் எங்கள் நியூ ஜேர்சியிலேயே, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. ரவி சம்தானி, டெபோரா சில்வர், நோர்மன் சபுஸ்கி ஆகியோரும் அவர்களுடைய சக ஆய்வாளர் ஒருவரும் சேர்ந்து 1994 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதற்கு முன்பு நீர்ச்சுழிகளைப் பற்றி ஆராய்பவர்கள் கணினிப் படங்களைத் திரைப்படம்போல ஓடவிட்டுக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஐந்தாறு சுழி என்றால் கண் பிடிக்கும். நூறு சுழிகள் ஒன்றையொன்று சுற்றி, உடைந்து, ஒட்டும்போது கண் தோற்றுவிடும். கணினியையே கணக்கு வைக்கச் சொல்வோம் என்றார்கள். ஓர் உருவுக்கு ஐந்து விதமாகத்தான் ஏதும் நடக்கலாம்: தொடரும், புதிதாகப் பிறக்கும், மறையும், இரண்டாகப் பிரியும், அல்லது வேறொன்றோடு சேரும். இந்த ஐந்தையும் குறித்துக்கொண்டே போனால் கடைசியில் கிடைப்பது ஒரு வம்சப் படம். எங்கள் குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. திருகோணமலையில் ஒன்றாக இருந்தது மண்டபம் முகாமில் இரண்டாகி, ரொறன்ரோவிலும் நியூ ஜேர்சியிலும் நாலாகி, ஒரு கலியாணத்தில் மறுபடி ஒன்றாவதைக் கீறிப் பார்த்தால் அதே மாதிரிப் படம்தான் வரும்.

(சபுஸ்கியைப் பற்றி ஒரு சின்னக் குறிப்பு. 1965 இல் அவரும் மார்ட்டின் குருஸ்கலும் ஒரு விசித்திரமான அலைக்கு சொலிற்றன் என்று பெயர் வைத்தார்கள். அப்படிப்பட்ட இரண்டு அலைகள் மோதினால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, மறுபக்கத்தால் தத்தம் பழைய வடிவத்தோடேயே வெளியே வரும். மோதிய பிறகும் தான் தானாகவே இருக்கும் ஒன்றைக் கண்டவர், பிற்காலத்தில் "எது எது?" என்ற கேள்விக்கே வந்து சேர்ந்தது எனக்குப் பிடித்த விஷயம்.)

சரி, இரண்டு படங்களில் உள்ளது ஒரே உருதான் என்று கணினி எப்படிச் சொல்கிறது? மிக எளிய வழி ஒன்று உண்டு. முதல் படத்தை ட்ரேசிங் பேப்பரில் கீறி இரண்டாவதன்மேல் வையுங்கள். பழைய உருவும் புதிய உருவும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால், அது தொடர்கிறது. பழைய ஒன்றின்மேல் புதிய இரண்டு படிந்தால், பிரிந்துவிட்டது. பழைய இரண்டின்மேல் புதிய ஒன்று படிந்தால், சேர்ந்துவிட்டது. கீழே எதுவுமே இல்லையென்றால், புதிதாகப் பிறந்தது. டெபோரா சில்வரும் அவருடைய மாணவரும் 1990களின் நடுப்பகுதியில் முப்பரிமாணத் தரவுகளுக்குச் செய்தது அடிப்படையில் இதுதான். கோடிக்கணக்கான பெட்டிகளில் இதை விரைவாகச் செய்வதுதான் அவர்களுடைய கெட்டித்தனம்.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. படங்கள் அடுத்தடுத்து நெருக்கமாக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஊரில் இருக்கும் அம்மம்மாவுக்கு மாதம் ஒரு படம் அனுப்பினால் பேரப்பிள்ளைகளில் எவர் எவர் என்று அவருக்கு எப்போதும் தெரியும். ஏழு வருடத்துக்கு ஒரு படம் அனுப்பினால், "இது மூத்தவனோ இளையவனோ?" என்று கேட்பார். பிள்ளை மாறவில்லை, இடைவெளிதான் கூடிவிட்டது. சூறாவளியும் அப்படித்தான். ஆறு மணி நேரத்தில் அது தன் உடம்பின் அகலத்தைவிடத் தூரம் நகர்ந்துவிட்டால் இரண்டு உருக்களும் ஒன்றின்மேல் ஒன்று படியாது. ஒன்று மறைந்து இன்னொன்று பிறந்ததாகக் கணினி எழுதிவிடும். இதைத் தவிர்க்க, இதுவரை போன திசையையும் வேகத்தையும் வைத்து அடுத்து எங்கே இருக்கும் என்று ஊகித்து, அந்த இடத்தைச் சுற்றித் தேடும் முறைகள் பின்னர் வந்தன.

பிரின்ஸ்ரனில் இருக்கும் ஜி.எஃப்.டி.எல். என்ற அரசாங்க ஆய்வுகூடம் சூறாவளி ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. அங்கே எழுதப்பட்ட சூறாவளி மாதிரியை 1995 முதல் அமெரிக்க வானிலைச் சேவை பல வருடங்கள் பயன்படுத்தியது. அங்கிருந்து வந்த பின்தொடரும் நிரல் ஒன்றும் உண்டு. அது ஒரே அளவை மட்டும் நம்புவதில்லை. கடல்மட்ட அமுக்கம் எங்கே ஆகக் குறைவு, சில ஆயிரம் அடி உயரத்தில் சுழற்சி எங்கே ஆகக் கூட என்று தனித்தனியாக மையங்களைக் கண்டுபிடித்துச் சராசரி எடுக்கும். நல்ல பலமான புயலில் எல்லா மையங்களும் ஒரே இடத்தில் விழும். பலவீனமான ஒன்றில் அவை ஒன்றுக்கொன்று விலகிக் கிடக்கும். "நடுப்புள்ளி இதுதான்" என்று திரையில் காட்டும் அந்தச் சின்னச் சின்னம் சில நாட்களில் உறுதியான இடம், சில நாட்களில் ஒரு சமரசம்.

இனி ஹார்விக்கு வருவோம். 2017 ஓகஸ்ட் 17 இல் அது பெயர் பெற்றது. 19 ஆம் திகதி கரிபியன் கடலில் அதன் மூடிய சுழற்சி குலைந்து வெறும் அலையாகிவிட்டது. தொலைக்காட்சியில் "செத்துப்போச்சு" என்றது இதைத்தான். ஆனால் மழைமேகக் கூட்டமும் அலையும் மேற்கே போய்க்கொண்டிருந்தன. மயாமியிலுள்ள தேசிய சூறாவளி மையம் அதை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. 23 ஆம் திகதி மெக்சிகோ வளைகுடாவின் தெற்கில் அதே அலையில் சுழற்சி மீண்டும் மூடியது. அதே பெயர் திரும்ப வந்தது. 25 ஆம் திகதி இரவு ரொக்போட் அருகே நாலாம் தரச் சூறாவளியாகக் கரையேறி, பிறகு நகராமல் நின்று பெய்தது. ரெக்சாஸின் நீடர்லன்டில் 60 அங்குலத்துக்கு மேல் மழை.

"சுழற்சி மூடியிருந்தால்தான் உரு" என்ற விதியை மட்டும் கணினிக்குக் கொடுத்திருந்தால், அது இரண்டு புயல்களை எழுதியிருக்கும். நாலு நாள் வெற்றிடம். மனிதர்கள் வேறொரு விதியை வைத்திருந்தார்கள்: கீழ்மட்டத்தில் ஏதோ ஒரு மிச்சம் அறுபடாமல் தொடர்ந்தால் அது பழையதுதான். ஆகவே அம்மா, அது அதே புயல்தான். அப்படித் தீர்மானிக்க ஒரு விதி இருந்ததால் அதே புயல்.

இந்த விதியின் ஓரத்தில் நின்றவை இரண்டு. 2004 செப்டெம்பரில் ஐவன் அலபாமாவில் கரையேறி, அத்திலாந்திக் பக்கமாக வெளியேறி, அதன் மிச்சத்தில் ஒரு பகுதி தெற்கே இறங்கிப் புளோரிடாவைத் தாண்டி மறுபடி மெக்சிகோ வளைகுடாவுக்குள் வந்து புயலானது. பெரிய விவாதத்துக்குப் பிறகு, கீழ்மட்டச் சுழற்சி ஓரளவு தொடர்ந்தது என்று சொல்லி ஐவன் என்ற பெயரையே வைத்தார்கள். அடுத்த வருடம் ஓகஸ்டில் பத்தாம் இலக்கத் தாழமுக்கம் அத்திலாந்திக்கில் கலைந்தது. அதன் கீழ்மட்டச் சுழற்சி போய்விட்டது. நடுமட்டத்தில் இருந்த மிச்சம் வேறொரு அலையோடு கலந்து ஒரு புதிய தாழமுக்கத்துக்கு உதவியது. இந்தமுறை பழைய இலக்கத்தைக் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் இலக்கம் என்று புதிதாகப் பதிந்தார்கள். அதுதான் கத்ரீனா ஆனது. ஒன்றில் தொடர்ச்சி, மற்றதில் பிறப்பு. என்னைக் கேட்டால் இரண்டு முடிவும் நியாயமானவையே. வேறொரு குழு உட்கார்ந்திருந்தால் ஐவன் வேறு பெயரோடு வந்திருக்கவும் கூடும்.

பெயர்தானே, அதனால் என்ன என்று நினைக்கலாம். நியூ ஜேர்சியில் இருப்பவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். 2012 ஒக்ரோபர் 29 மாலை சான்டி பிரிகன்ரைன் அருகே கரையைத் தொடுவதற்குச் சற்று முன், அது வெப்பமண்டலச் சூறாவளி என்ற நிலையிலிருந்து மாறிவிட்டது என்று அறிவிக்கப்பட்டது. காற்று குறையவில்லை, கடல் குறையவில்லை. பெயர்ப்பலகை மாறியது. வீட்டுக் காப்புறுதிப் பத்திரங்களில் சூறாவளிக்கென்று தனியாக, வீட்டுக்காரர் கையிலிருந்து போடவேண்டிய பெரிய தொகை ஒன்று எழுதப்பட்டிருக்கும். கரையேறியது சூறாவளி அல்ல என்பதால் அந்தத் தொகையை அறவிடக் கூடாது என்று மாநில அரசு சொன்னது. ஆயிரக்கணக்கான டொலர் வித்தியாசம். மறுபக்கத்தில், இப்படி மாறிவிடும் என்று எதிர்பார்த்ததால் நியூ ஜேர்சிக்கு முறையான சூறாவளி எச்சரிக்கையே விடப்படவில்லை. அந்தக் குறையைக் கண்டு 2013 இல் சூறாவளி மையம் விதியை மாற்றியது. இப்போது நிலை மாறினாலும் எச்சரிக்கையைத் தொடரலாம்.

பின்தொடர்தலைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டேன். அதற்கு முந்திய வேலையான பிரித்தெடுத்தலில்தான் பெரிய வில்லங்கம் இருக்கிறது. எந்த அளவுக்கு மேல் போனால் உரு என்று சொல்வது? வன்னியில் இருந்தவர்களுக்கு இரணைமடு தெரியும். இரணை என்றால் இரட்டை. மாரியில் நிறைந்து நிற்கும்போது பார்த்தால் ஒரே குளம். தண்ணீர் இறங்க இறங்க ஒரு குளத்தில் இரண்டு மடு தெரியத் தொடங்கும். "ஒன்றா இரண்டா?" என்று கேட்டால், "எந்த மட்டத்தில் நின்று கேட்கிறாய்?" என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். தரவிலும் அதே கதைதான். மட்டத்தை உயர்த்தினால் உருக்கள் உடையும், இறக்கினால் ஒட்டும். மட்டத்தைக் கொஞ்சம் மாற்றினாலே வம்சப் படம் முழுவதும் மாறிவிடும்.

பே ஏரியாவில் லோரன்ஸ் லிவர்மோர், லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடங்களைச் சேர்ந்தவர்கள் இதற்கு ஒரு நல்ல வழி கண்டார்கள். ஐதரசன் சுவாலைக்குள் எரியும் துண்டுகளைப் பின்தொடர்ந்தபோது, மட்டத்தை முதலிலேயே முடிவு செய்யவில்லை. எந்த மட்டத்தில் எவை ஒட்டும், எவை பிரியும் என்ற மரம் போன்ற அமைப்பை ஒருதரம் கணக்கிட்டு வைத்துக்கொண்டார்கள். பிறகு ஆராய்பவர் மட்டத்தை ஏற்றி இறக்கி, முடிவு எவ்வளவு மாறுகிறது என்று தானே பார்க்கலாம். அந்த வேலை 2010 இல் வெளிவந்தது. கலிபோர்னியாவுக்கு மழை கொண்டுவரும் வானத்து ஆறுகளை எண்ணுவதிலும் இதே சிக்கல்தான். 2022 டிசெம்பர் கடைசியிலிருந்து 2023 ஜனவரி நடுப்பகுதி வரை ஒன்பது வந்தன என்று கேட்டிருப்பீர்கள். ஆனால் ஆறு என்று எதைச் சொல்வது என்பதில் ஆய்வுக் குழுவுக்குக் குழு விதி வேறு. ஒரே தரவைக் கொடுத்தாலும் எண்ணிக்கை ஒத்துவராது. அதை ஒப்பிடுவதற்கென்றே ஒரு சர்வதேசத் திட்டம் நடக்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. பூமி சூடாகச் சூடாக வானத்தில் ஈரம் கூடும். பழைய மட்டத்தையே மாற்றாமல் வைத்திருந்தால், காற்றோட்டம் மாறாவிட்டாலும் ஆறுகள் கூடியதாகக் கணக்கு வரும்.

எங்கள் கடலில் இந்த மட்டம் உயிரோடு சம்பந்தப்பட்டது. வட இந்து சமுத்திரத்தில் காற்று மணிக்கு 62 கிலோமீற்றரைத் தொட்டால்தான் சூறாவளி. அப்போதுதான் பெயர். அதற்குக் கீழே தாழமுக்கம். 2017 நவம்பர் 29 ஆம் திகதி இலங்கைக்குத் தெற்கே இருந்தது தாழமுக்கம். 30 ஆம் திகதி காலை கன்னியாகுமரிக்கு அருகே அது ஒக்கி என்ற சூறாவளி. ஒரே நாள். தமிழ்நாட்டு, கேரள மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. பிறகு கீறிய வரைபடத்தில் ஒக்கியின் கோடு பளிச்சென்று தெரிகிறது. அவர்கள் வலை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது அந்தக் கோட்டுக்கு இன்னும் பெயர் இல்லை.

புரெவி இன்னொரு பாடம். 2020 டிசெம்பர் 2 இரவு, அதாவது இங்கே மத்தியானம், அது திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. எனக்கு நிலாவெளியில் பெரியம்மா இருக்கிறார். அன்று வேலைத்தலத்தில் ஒரு கண் கணினியிலும் ஒரு கண் தொலைபேசியிலுமாக இருந்தேன். காற்று எதிர்பார்த்த அளவு இல்லை. "ஓடு ரண்டு போனது, வேறை ஒண்டுமில்லை" என்றார். கோடு மன்னார் வளைகுடாவுக்குப் போனதும் எங்கள் சனம் எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் புரெவி இராமநாதபுரத்துக்கு அருகே கடலிலேயே நகராமல் பலவீனமாகக் கிடந்தது. மழையோ யாழ்ப்பாணத்திலும், மையத்திலிருந்து சுமார் 250 கிலோமீற்றர் தள்ளிச் சிதம்பரத்திலும் கொட்டியது. நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது. கோடு காட்டுவது மையத்தை மட்டும். மழை வேறோர் உரு. அதற்குத் தனி மட்டம், தனிப் பாதை. இரண்டையும் ஒரே கோடாக நினைப்பது வரைபடம் பார்க்கும் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று.

அமெரிக்க வரைபடங்களில் கோட்டைச் சுற்றி வரும் விசிறி போன்ற வெள்ளைப் பகுதியும் அப்படியே. அது புயலின் பருமன் அல்ல. கடந்த ஐந்து வருட முன்னறிவிப்புகள் எவ்வளவு தவறின என்று பார்த்து, மையம் மூன்றில் இரண்டு பங்கு தடவை அதற்குள் இருக்கும் என்று கீறப்படுவது. மூன்றில் ஒரு பங்கு தடவை மையமே வெளியே போகலாம். விசிறிக்கு வெளியே வீடு என்றால் மழை வராது என்று அர்த்தமில்லை.

அடுத்த ஐப்பசி, கார்த்திகையில் ஊருக்கு அழைக்கும்போது, கோடு எங்கே போகிறது என்பதோடு நிற்காமல் மூன்று விஷயம் பாருங்கள். தாழமுக்கம் என்று சொல்லும்போதே, பெயர் வரும்வரை காத்திருக்காமல், மீனுக்குப் போகிறவர்கள் இருந்தால் சொல்லிவிடுங்கள். மழை வரைபடத்தைத் தனியாகத் தேடிப் பாருங்கள். கரையைக் கடந்து கடலுக்குள் இறங்கியதை "முடிந்தது" என்று எடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் அது என்ன செய்கிறது என்று இன்னும் இரண்டு நாள் கவனியுங்கள். இலங்கையில் இருப்பவர்கள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் அழைக்கலாம். பெரியம்மாவின் தொலைபேசியில் அந்த இலக்கத்தை நான் பதிந்து வைத்திருக்கிறேன்.